சுவிட்ச் போர்டுக்குள்ளிருந்து வரும் குட்டி எறும்பு: யாராவது வழி சொல்லுங்கள்

தண்டையார்பேட்டையில் ஒரு பழைய வீட்டின் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மூன்று வாரமாக எறும்புத் தொல்லை. பிள்ளையார் எறும்பு இல்லை. அதைவிடப் பொடிசு, வெளிர் மஞ்சள் நிறம், கடிப்பதில்லை. சமையலறை சுவிட்ச் போர்டு ஓட்டையிலிருந்து வரிசை கட்டி இறங்கி, இறுக்கி மூடிய சர்க்கரை டப்பாவின் மரை இடுக்கு வழியாகவே உள்ளே போய்விடுகின்றன. நேற்று பாப்பாவின் பால் புட்டி நிப்பிளில் பத்து இருபது!

மஞ்சள் தூள் போட்டேன், மரியாதையாக ஒதுங்கிச் சுற்றிப் போயின. எறும்பு சாக்பீஸ் இரண்டு நாள் தாங்கியது. ஸ்பிரே அடித்தேன், அன்று காணோம், அப்புறம் பார்த்தால் ஹாலில் இன்னொரு வரிசை. டப்பாக்களைத் தண்ணீர்த் தட்டில் வைத்தது மட்டும்தான் பலித்தது.

கடைசியாக ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போரிக் பவுடர் கலந்து, பஞ்சில் நனைத்து மேல் ஷெல்பில் வைத்தேன். குடித்தவை அங்கேயே செத்துக் கிடக்கின்றன. கூட்டுக்கு மருந்து போனதாகத் தெரியவில்லை. அளவு அதிகமோ என்று சந்தேகம். எட்டு மாதக் குழந்தை தவழ்வதால் தரையில் எதுவும் வைக்க முடியாது. சுவரை உடைக்க வீட்டுக்காரர் விடமாட்டார்.

போரிக் வைத்துக் கூட்டையே ஒழித்தவர்கள், எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு பவுடர் கலந்தீர்கள்?