வயரிங் புகைஞ்ச பிறகு செல்ஃப் எடுக்கல. செல்ஃப் மோட்டார் போயிடுச்சா?

கேள்வி:
2011 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். ஹெட்லைட்டுக்கு 100/90 வாட் (ஹை பீம்/லோ பீம்) பல்பு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. நேத்து ராத்திரி ஹை பீம்ல ஓடிட்டு இருக்கும்போது பானட் உள்ளே இருந்து பிளாஸ்டிக் கருகுற வாடை, கொஞ்சம் புகை. நிறுத்திட்டு மறுபடி சாவி போட்டா மீட்டர்ல எல்லா லைட்டும் வருது. செல்ஃப் அடிச்சா ஒரே ஒரு "டிக்", அவ்வளவுதான். தள்ளி ஸ்டார்ட் பண்ணினா வண்டி ஓடுது. பேட்டரி 12.5 வோல்ட். ஃப்யூஸ் எதுவும் போகல. செல்ஃபுக்குப் போற சின்ன வயரைக் கழற்றி, சாவியைத் திருப்பச் சொல்லி மல்டிமீட்டர் வெச்சா 12.3 வோல்ட் வருது. கரண்ட் வருது, அதனால செல்ஃப்தான் போச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தலாமா?

பதில் 1:
மாத்தாதீங்க. முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைங்க. புகை வந்த வயரிங், பார்க்காம மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்கக் கூடாது. ஃப்யூஸ் போகலன்னு சொல்றீங்க, சரி. ஆனா யாராவது 15 ஆம்பியர் இடத்துல 30 போட்டிருக்காங்களா, வெள்ளித்தாள் சுத்தியிருக்காங்களான்னு பாருங்க. நம்ம ஊர்ல அந்த வைத்தியம் ரொம்பப் பிரபலம்.

தள்ளினா ஓடுதுன்னா பெட்ரோல் பம்ப், இக்னிஷன், இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) எல்லாம் நல்லா இருக்கு. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பேட்டரி மாட்டி, மீட்டரை 20 வோல்ட் டிசில வெச்சு ரெண்டு அளவு எடுங்க. ஒண்ணு, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில எவ்வளவு. ரெண்டு, ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் ஈயக் குமிழ் மேல (கிளாம்ப் மேல இல்ல), இன்னொரு முனை இன்ஜின் பிளாக் மேல. செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு. ரெண்டாவது 0.3க்கு மேல போனா எர்த் பட்டை (பேட்டரி நெகட்டிவை இன்ஜினோட இணைக்கிறது) சந்தேகம்.

கேட்டவர்:
செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 12.4. எர்த் 0.02.

பதில் 2:
அந்த 12.4லயே பாதி விடை இருக்கு அண்ணே. செல்ஃப் உண்மையா சுத்தப் பார்த்தா நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும், பேட்டரி 10, 11க்கு இறங்கும். இங்க 0.1தான் இறங்கியிருக்கு. மோட்டாருக்குக் கரண்டே போகல. அதே காரணத்தால எர்த் அளவையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம்.

நீங்க வயரைக் கழற்றிட்டு அளந்ததுதான் தப்பு. லோடு இல்லாதப்போ ஒரே ஒரு செம்பு இழை ஒட்டிட்டு இருந்தாலும் மீட்டர் 12 காட்டும். சோலனாய்டு (செல்ஃபோட காந்தச் சுவிட்ச்) இழுக்கப் பல ஆம்பியர் வேணும். வயரை மாட்டின நிலையிலேயே, அதன் பின்பக்கமா ஊசி நுழைச்சு அளந்து பாருங்க. அந்த "டிக்" செல்ஃப்ல இருந்தா, ஃப்யூஸ் பாக்ஸ் ரிலேல (சின்ன கரண்ட்ல பெரிய கரண்டைத் திறந்து விடுற சுவிட்ச்) இருந்தா? ரிலே மேல விரல் வெச்சுப் பாருங்க, தெரியும்.

கேட்டவர்:
மாட்டி அளந்தா 3.8தான்! டிக் சத்தம் ரிலேலதான்.

பதில் 2:
அப்ப வோல்ட் வர்ற வழியிலேயே தொலையுது, செல்ஃப் மேல பழி போட ஆதாரம் இல்ல. உறுதி பண்ணிக்க: கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சாவி ஆஃப். 2.5 ஸ்கொயர் எம்எம் வயர்ல பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து செல்ஃபோட சின்ன முனைக்கு ஒரு நொடி தொடுங்க. பெல்ட் பக்கம் கை, துணி எதுவும் வேண்டாம். சுத்தினா செல்ஃப் நல்லது.

அடுத்து ரிலேயைப் பிடுங்குங்க. 30ம் எண் சாக்கெட் பேட்டரி வழி, 87 செல்ஃப் வழி. கழற்றின பழைய 60/55 பல்பு வீட்ல இருக்குமே, அதுதான் இப்போ சோதனை விளக்கு: ஒரு முனை 30ல, இன்னொண்ணு எர்த்ல. கிட்டத்தட்ட 5 ஆம்பியர் இழுக்கும். பல்பு எரியும்போதே மீட்டரோட ஒரு முனை பேட்டரி பாசிட்டிவ், இன்னொரு முனை 30. அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும்.

கேட்டவர்:
செல்ஃப் நேரா தொட்டா சூப்பரா சுத்துது. பல்பு மஞ்சளா அழுது வடியுது, மீட்டர் 4.2 காட்டுது. ஃப்யூஸ் பாக்ஸைத் தூக்கிப் பார்த்தா அடியில ஒரு வெள்ளை கப்ளர் (வயர்களை இணைக்கிற பிளக்) ஒரு மூலையில பழுப்பா உருகியிருக்கு. ஹெட்லைட் வயரும் 30க்கு வர்ற வயரும் அதுல பக்கத்துப் பக்கத்து பின்.

பதில் 1:
பிடிபட்டுச்சு. ரெண்டு 60 வாட் பல்புக்கு 10 ஆம்பியர். ரெண்டு 100 வாட்டுக்குக் கிட்டத்தட்ட 17. வயர் தாங்கினாலும் பின் தாங்கல. சூட்டுல பின்னோட ஸ்பிரிங் பிடி தளரும், தளர்ந்தா இன்னும் சூடாகும், பிளாஸ்டிக் இளகிப் பக்கத்து பின்னையும் நகர்த்திடும். இதெல்லாம் ஃப்யூஸுக்குத் தெரியாது. அதுக்கு ஆம்பியர் மட்டும்தான் கணக்கு.

சுரண்டி மறுபடி சொருகாதீங்க, ஒரு வாரம்தான் வரும். நெகட்டிவைக் கழற்றிட்டு, கப்ளரோட ரெண்டு பக்கமும் புது பின். வயரைப் பளபளன்னு செம்பு தெரியற இடம் வரைக்கும் வெட்டுங்க. கருத்த செம்புல கிரிம்ப் (அழுத்தி இணைக்கிறது) பிடிக்காது. ஒட்டு போடணும்னா அதே கனமுள்ள வயர், கிரிம்ப் ஸ்லீவ், மேல ஹீட் ஷ்ரிங்க் (சூடு பண்ணினா சுருங்கிப் பிடிக்கிற குழாய்). முறுக்கி டேப் சுத்துற வேலை பானட் சூட்டுக்கு நிக்காது. ஃப்யூஸ் பாக்ஸ் பக்கம் உள்ள பின்னும் வெந்திருந்தா, பாக்ஸையே மாத்த வேண்டி வரும்.

பல்பு திரும்ப 60/55. வெளிச்சம் போதலன்னா பேட்டரில இருந்து தனி வயரிங்: லோ, ஹைக்கு ஆளுக்கொரு 40 ஆம்பியர் ரிலே, பேட்டரி பக்கத்துலேயே 20 ஆம்பியர் ஃப்யூஸ். பழைய ஹெட்லைட் வயர் ரிலேயை இயக்க மட்டும். ஹெட்லைட் கண்ணாடி மங்கியிருந்தா அதை பாலிஷ் பண்ணினாலே பாதிக் குறை தீரும்.

முடிச்சதும் அதே பல்பு சோதனை 30ல இன்னொரு தடவை, இப்போ செல்ஃப் சுத்தும்போது எர்த் அளவும். அப்புறம் இன்ஜினை ஓட விட்டு, பேட்டரில 13.8ல இருந்து 14.5 வருதா பாருங்க. ஹை பீம் 20 நிமிஷம் எரிஞ்சதும் கப்ளரை விரலால் தொடுங்க. வெதுவெதுப்பு பரவாயில்ல, விரலை எடுக்க வெச்சா பின் இன்னும் சரியா உட்காரல.