இடது பக்கம் மங்குது: கெபாசிட்டரா, ரிலேயா?

முட்டம்_ரசிகன்: வீடு கடலோரம். 1990கள்ல வந்த ஏபி வகை ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). தணிவா வச்சு கச்சேரி கேட்டா இடது பக்கம் தம்புரா மங்கிப் போவுது. தனி ஆவர்த்தனத்துக்கு வால்யூமைக் கூட்டினா டப்புனு வந்துருது. ரிப்பேர் கடையில எல்லா கெபாசிட்டரையும் மாத்தச் சொல்லுதாங்க. மாத்தவா?

சூடுமானி: மாத்துங்க. உள்ள திரவம் இருக்க எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு 30 வருஷமே அதிகம். சூட்டை வெளியேத்துத ஹீட்சிங்க் தகடு பக்கத்துல நிக்கது உலர்ந்திருக்கும். 85 டிகிரி வரை தாங்குதது இருந்த இடத்துல 105 டிகிரி தாங்குதது போடணும். 10 டிகிரி சூடு குறைஞ்சா ஆயுசு ஏறக்குறைய இரட்டிப்பு.

ஈயப்பத்தி: கணக்கு சரி, நோய்தான் வேற. உலர்ந்த கெபாசிட்டர் வால்யூமைக் கூட்டினதும் குணமாவுமா? பவர் சப்ளையோட மெயின் ஃபில்டர் கெபாசிட்டர் போனா ரெண்டு பக்கமும்லா உறுமும். இது ஸ்பீக்கர் ரிலே, ஸ்பீக்கரை ஆம்போட சேக்குத மின்சுவிட்ச். ஆன் பண்ணி சில நொடியில ‘டிக்’னு கேக்குல்லா, அதுதான். உள்ள வெள்ளி முனை கறுத்துப் படலம் பிடிச்சிருக்கும். தணிவா வச்சா கரண்ட் அதைத் தாண்டாது, கூட்டினா படலம் உடைஞ்சு வழி விடும்.

ஆம்பை அணைச்சு, பின்னால இடது வலது ஸ்பீக்கர் ஒயரை மாத்திக் குத்துங்க. மங்கல் வலது ஸ்பீக்கருக்குப் போனா குத்தம் ஆம்புலயோ அதுக்கு முன்னாலயோ. அடுத்து ஒயரை அப்படியே விட்டு, பிளேயர்ல இருந்து வர ஆர்சிஏ கேபிளோட இடது வலது பின்களை ஆம்புல இடம் மாத்துங்க. மங்கல் திரும்ப இடது ஸ்பீக்கருக்கே வந்தா பிளேயர் அல்லது கேபிள். வலதுலயே நின்னா ஆம்ப்தான். ஆம்ப் முகப்புல இருக்க டேப் மானிட்டர், ஸ்பீக்கர் ஏ/பி சுவிட்சை 20 தரம் அடிச்சுப் பாக்கணும். அதுவும் இதே மாதிரி ஏமாத்தும்.

சூடுமானி: ரிலேன்னே வைங்க. உப்புத்தாளால உரசச் சொல்லிராதீங்க, மேல்பூச்சு போயிரும்.

ஈயப்பத்தி: யாரு சொன்னா? புதுசுதான். காயில் (உள்ள இருக்க கம்பிச்சுருள்) வோல்ட், கால் அமைப்பு, ஆம்பியர் மூணும் ஒத்து வரணும். மூடியைத் திறக்கும் முன்னால பிளக்கைப் பிடுங்குங்க. பவர் சப்ளையோட 10,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்ல தங்கின கரண்ட் வடிய, ஒவ்வொண்ணுக்கும் குறுக்கே 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வச்சு, மீட்டர் 1 வோல்ட்டுக்குக் கீழ காட்டுத வரைக்கும் பிடிக்கணும். ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணாண்டாம். வேலை முடிஞ்சா ஸ்பீக்கர் இல்லாம, ஆம்புக்கு வீட்டுக் கரண்ட் வர லைன்ல சீரிஸா 100 வாட் குண்டு பல்பு போட்டு ஆன் பண்ணுங்க. பளிச்சுனு எரிஞ்சு மங்கினா சரி, எரிஞ்சுகிட்டே நின்னா உடனே அணைச்சிரணும். பிறகு பல்பை எடுத்துட்டு ஆம்போட ஸ்பீக்கர் முனையில மீட்டர் வச்சு டிசி வோல்ட் பாருங்க. 50 மில்லிவோல்ட்டுக்கு மேல இருந்தா ஸ்பீக்கரை மாட்டாதீங்க.

சூடுமானி: மறுபடி கறுக்காம இருக்க தினம் ஒரு மணி நேரம் ஓட்டுங்க. நம்ம ஊருக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு மழையும் உண்டு. உள்ள ஈரம் தங்கக்கூடாது.

ஈயப்பத்தி: அது சரி. ராப்பகலா ஆன்ல விடுததுதான் தப்பு. ஐப்பசி இடிக்குப் பிளக்கைப் பிடுங்கியே ஆவணும்.

முட்டம்_ரசிகன்: ஒயர் மாத்தினேன், மங்கல் வலதுக்குப் போயிட்டு. ஆர்சிஏ மாத்தியும் வலதுலயே நிக்கு. சுவிட்சை அடிச்சும் மாறல. ரிலே மேல 24 வோல்ட் டிசின்னு போட்டிருக்கு. கெபாசிட்டர் ஒண்ணும் உப்பல.

ஈயப்பத்தி: ரிலேயை மட்டும் வாங்குங்க.

சூடுமானி: உப்பாமலும் சாவும். மூடியைத் திறக்க அன்னைக்கே கெபாசிட்டரோட உள் தடையை அளக்குத ஈஎஸ்ஆர் மீட்டர் வச்சுப் பாத்துருங்க.