ஃபிக்சேஷனுக்கு ‘தரிப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம்

அனைவருக்கும் வணக்கம்.

படிக்கும்போது கண் அசைவதை ஆராயும் துறைக்குத் தமிழ்ச் சொற்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சட்டென்று தாவும் சக்காடுக்கு (saccade) ‘விழித்தாவல்’ என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. உலாவியின் டேபையும் ‘தாவல்’ என்கிறோமே என்று ஒருவர் கேட்டிருந்தார். முன்னால் ‘விழி’ இருக்கும்போது யாரும் குழம்ப மாட்டார்கள். படிக்கும் கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, விட்டுவிட்டுத் தாவுகிறது என்று 1870களின் இறுதியில் பாரிசில் கண் மருத்துவர் எமில் ழாவாலின் ஆய்வகத்தில் கவனித்ததற்கும் அந்தச் சொல் பொருந்துகிறது.

தாவல்களுக்கு நடுவே கண் சற்று நிற்கும் ஃபிக்சேஷன்தான் (fixation) இழுபறி.

‘நிலைகுத்தல்’ வேண்டாம். கண் நிலைகுத்தியது என்றால் நமக்குச் சாவுதான் நினைவுக்கு வரும். தவிர, நிற்கும் கண்ணிலும் நுண்ணிய நடுக்கம் ஓயாமல் இருக்கிறது. பிம்பம் விழித்திரையில் துளியும் நகராதபடி செய்தால் சில நொடிகளில் காட்சியே மங்கி மறைந்துவிடும்.

‘ஊன்றல்’ அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஊன்றிப் படி என்றால் கவனமாகப் படி என்று பொருள். மனம் எங்கோ அலையும்போதும் கண் வரியில் நின்று நின்றுதான் போகிறது. கண்ணை அசைக்காமலே கவனத்தை வேறு பக்கம் திருப்ப முடியும் என்று ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். கண்ணசைவைப் பதியும் கருவி அளப்பது கண்ணை. கவனம் நாம் அதிலிருந்து ஊகிப்பது. ஊகத்தைப் பெயரிலேயே ஏற்றக் கூடாது.

யாழ்ப்பாண நண்பர் சொன்ன ‘தரிப்பு’ இதற்கெல்லாம் ஈடுகொடுக்கிறது. பேருந்துத் தரிப்பிடம் என்று அங்கே தினமும் புழங்கும் சொல். சற்று நின்று மறுபடி கிளம்புவது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. படிக்கும்போது ஒரு தரிப்பு சுமார் 200 முதல் 250 மில்லிநொடி. தமிழ்நாட்டில் உடை தரித்தல், கருத்தரிப்பு என்று வேறு பொருள் வருமே என்றால், ‘ஓரிடத்தில் தரித்து நில்’ என்பதும் நமக்குத் தெரிந்ததுதானே.

மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜிக்கு (EEG) வந்தால் இந்தச் சொல்லின் பயன் இன்னும் தெளிவாகிறது. ‘காப்பியில் சர்க்கரையும் செருப்பும் போட்டார்’ என்று படித்தால், பொருந்தாத அந்தச் சொல்லைக் கண்ட சுமார் 400 மில்லிநொடியில் மூளையில் ஓர் எதிர்மின் அலை பெரிதாக எழும். 1980இல் ஆய்வாளர்கள் குட்டாஸும் ஹில்யார்டும் கண்டறிந்த என்400 இது. வழக்கமாகச் சொற்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டித்தான் இதை அளப்பார்கள். யாரும் அப்படிப் படிப்பதில்லை. அதனால் இயல்பாகப் படிக்கவிட்டு, கண் சொல்லில் வந்து நின்ற கணத்தைச் சுழியமாக வைத்து மின் அலையை வெட்டி எடுக்கிறார்கள். அதற்குத்தான் (fixation-related potential) ‘தரிப்புசார் மின்னழுத்தம்’ என்கிறேன்.

இதில் இரண்டு தொல்லைகள் உண்டு. கண்விழியின் முன்பக்கம் நேர்மின், பின்பக்கம் எதிர்மின். அது திரும்பும்போதெல்லாம் மூளையின் சில மைக்ரோவோல்ட்டை மூழ்கடிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் மாறும். அப்புறம், என்400 உச்சத்தை எட்டுவதற்குள் கண் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டிருக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய அலைகளைக் கணக்குப் போட்டுப் பிரித்தாக வேண்டும். எந்த அலை எந்தத் தரிப்புக்கு உரியது என்று எழுதும்போது, எண்ணக்கூடிய, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு பெயர்ச்சொல் தேவை. ‘முதல் தரிப்பு’, ‘மறுதரிப்பு’, ‘தரிப்பு நேரம்’ எல்லாம் இடறாமல் வருகின்றன.

படித்த இடத்துக்கே கண் திரும்புவதற்கு ‘பின்தாவல்’ போதும். ‘மின்னழுத்தம்’ வோல்டேஜோடு மோதுகிறது என்று இயற்பியல் ஆசிரியர்கள் யாராவது கருதினால் மாற்றுச் சொல் தாருங்கள். ‘தரிப்புசார்’ என்ற முன்பாதியை மட்டும் விட்டுவிட வேண்டாம்.