டிப்பர் பாதியில் நின்றுவிடுகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். எங்கள் டிப்பர் டிரெய்லர் ஒரு மாதமாகப் படுத்துகிறது. உள்ளூர்ப் பட்டறையில் செய்த 3 டன் வண்டி, தொட்டியைத் தூக்க இரண்டு கட்டமாக நீளும் ஆயில் ஜாக்கி, 45 எச்.பி. டிராக்டர்.

வெறும் தொட்டி சரசரவென்று மேலே போகிறது. தொழு உரம் ஏற்றினால், முதல் கட்டம் வெளியே வந்ததும் அப்படியே நிற்கிறது. எஞ்சின் திணறுவதில்லை, ஜாக்கிக்கு ஆயிலைத் திறந்துவிடும் லிவர் பக்கம் கீச்சென்று ஒரு சத்தம் மட்டும். காலையில் முதல் நடைக்கு ஓரளவு தூக்கிவிடும், ஆயில் சூடேறினால் அதுவும் இல்லை. லிவரை நடுவில் விட்டால் தொட்டி மெல்ல இறங்குகிறது. ஓஸை டிராக்டரோடு இணைக்கும் கப்ளரைக் கழற்றிவிட்டால் இறங்குவதில்லை. (அடியில் கட்டை கொடுத்துத்தான் பார்த்தோம்.)

ஆயில், ஃபில்டர் மாற்றியாயிற்று. ஓஸ், கப்ளர் புதுசு. ஜாக்கிக்கு சீல் கிட்டும் போட்டாயிற்று. ராடில் கீறல் இல்லை, ஒழுகலும் இல்லை. அதே டிராக்டர் கலப்பையை ஒழுங்காகத் தூக்குகிறது, அதுதான் குழப்பம். மெக்கானிக் பம்பையே மாற்றச் சொல்கிறார். அந்தச் செலவுக்கு எனக்கு மனசு ஒப்பவில்லை.

பிரஷர் கேஜ் ஒன்று இரவல் கிடைத்திருக்கிறது. அதைக் கப்ளரில் மாட்டினால், கோளாறு பம்பிலா, அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்விலா என்று எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?