அம்மாவோட கே.எல். பயணம்: வெளியூர்க்காரங்கன்னு தெரியாம இருக்கணுமா?

பால்மர நிழல்:

வணக்கம். நான் மலேசியாவுல கெடா மாநிலம், சுங்கை பட்டாணி பக்கம். வர்ற பள்ளி விடுமுறையில அம்மாவை 3 நாள் கே.எல். (கோலாலம்பூர்) அழைச்சிட்டுப் போறேன். அம்மாவுக்கு 64 வயசு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தோட்டத்துல பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவங்க, இதுவரைக்கும் கே.எல். பார்த்ததில்ல. நானும் ஒரே ஒரு தடவை வேலை நேர்முகத்துக்குப் போயிட்டு அன்னைக்கு ராத்திரியே திரும்பினவதான். இ.டி.எஸ். ரயில்ல டிக்கெட் எடுத்தாச்சு. அம்மா ஆசைப்பட்டது மூணே மூணு: பத்துமலை முருகன் கோயில், நம்மவங்க கடைகள் இருக்கிற பிரிக்பீல்ட்ஸ், கே.எல்.சி.சி. இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால நின்னு ஒரு படம்.

நேத்து கே.எல்.ல இருக்கிற என் சித்தப்பா மகள் போன் பண்ணினா. "அக்கா, பெரியம்மாவைப் பட்டுப்புடவையும் தலை நிறைய பூவுமா கூட்டிட்டு வராதீங்க. சோறு கட்டிட்டு வராதீங்க. கே.எல்.சி.சி. முன்னால படம் எடுக்கிறதெல்லாம் டூரிஸ்ட் செய்யிற வேலை. பார்த்தவுடனே வெளியூர்னு தெரிஞ்சா ஏமாத்திடுவாங்க"ன்னு அடுக்கிட்டே போனா. போன் ஸ்பீக்கர்ல இருந்தது. அம்மா அப்பதான் பயணத்துக்குன்னு வாடாமல்லி கலர் புடவையைத் தேய்ச்சு முடிச்சிருந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. சூடு ஆறுறதுக்குள்ள மடிச்சு அலமாரியில திரும்ப வச்சிட்டாங்க.

அதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல. கே.எல்.ல இருக்கிறவங்க சொல்லுங்க, நிஜமாவே நாம யாருன்னு மறைச்சுக்கிட்டுத்தான் வரணுமா?

செந்தூல்காரன்:

தங்கச்சி, கேட்க கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா உங்க சித்தப்பா மகள் சொன்னது சரி. நான் கே.எல்.ல செந்தூல் பக்கம் 22 வருஷமா இருக்கேன். போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில என் மனைவி கோயிலுக்குப் போயிட்டு நடந்து வந்தாங்க. பட்டுப்புடவை, கையில போன், ரோட்டுப் பக்கத் தோள்ல பை. மோட்டார் சைக்கிள்ல ரெண்டு பேர் வந்து பையைப் பிடிச்சு இழுத்தானுங்க. வார் அறுந்திருந்தா பையோட போயிருக்கும். அறுகல. நாலஞ்சு அடி இழுத்துட்டுப் போய் விட்டுட்டானுங்க. மணிக்கட்டு உடைஞ்சு ரெண்டு மாசம் கட்டு. இன்னைக்கும் தேங்காய் துருவ அந்தக் கையால முடியாது.

அதனால சொல்றேன். சாதாரண சுடிதார் போதும். நகை வேணாம். ரோட்டோரத்துல நின்னு போன்ல மேப் பார்க்காதீங்க. தினமும் அந்த வழியில வேலைக்குப் போறவங்க மாதிரி நடங்க. படம் எடுக்கிறதும் பூ வைக்கிறதும் ஊருக்குப் போய்ச் செஞ்சுக்கலாம். அம்மா உடம்பு முக்கியம்.

ஓய்வாசிரியர்:

செந்தூல் தம்பி, உங்கள் மனைவிக்கு நேர்ந்ததைப் படித்து மனம் கனத்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். அவர் செந்தூலிலேயே இருப்பவர். தினமும் நடக்கும் பாதையில், அவருடைய சொந்தக் கோயிலுக்குப் போய் வந்தவர். அவரை விட உள்ளூர்க்காரர் யார்? உள்ளூர்க்காரராகத் தெரிந்தது அவரைக் காப்பாற்றவில்லையே. பை ரோட்டுப் பக்கம் இருந்தது, அதைத்தான் அவன் பார்த்தான். பையை உள்பக்கத் தோளில் போடுங்கள், எதிரே வண்டி வரும் பக்கமாக நடங்கள் என்று சொல்லுங்கள், முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் தலையில் இருக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்?

மகளே, உன் தாயார் பிரிக்பீல்ட்ஸில் நடக்கப்போகும் பெரிய சாலைக்கு ஜாலான் துன் சம்பந்தன் என்று பெயர். அவர் சுங்கை சிப்புட்காரர், ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சியின் தலைவராக இருந்தவர். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீடும் போய் நம் மக்கள் தெருவில் நின்ற காலம் அது. அவர் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இன்று அந்தச் சங்கத்தின் தலைமையகமான விஸ்மா துன் சம்பந்தன் இதே கே.எல்.லில்தான் நிற்கிறது. பால்மரம் வெட்டியவர்கள் கட்டிய காசு அது. அப்படிப்பட்ட ஒரு தாய் இந்த ஊருக்கு வரும்போது தன்னை ஏன் ஒளித்துக்கொள்ள வேண்டும்?

செந்தூல்காரன்:

சார், நீங்க சொல்ற வரலாறு எங்க அப்பாவும் சொல்லுவார். அவரும் 10 வெள்ளி கட்டினவர்தான். ஆனா மோட்டார்ல வர்றவனுக்கு அந்த வரலாறு தெரியாது.

அப்புறம், பட்டுப்புடவை தனியா வராது சார். கூடவே சங்கிலி வரும், வளையல் வரும். நம்ம அம்மாமாரைப் பட்டு கட்டிக்கிட்டு வெறுங்கழுத்தோட வாங்கன்னு சொல்லிப் பாருங்க, ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. "உள்ளூர்க்காரிக்கே நடந்ததே"ன்னு கேட்டீங்க. போனைப் பார்த்த அந்த ஒரு நிமிஷம் அவங்களுக்கும் அக்கம்பக்கம் தெரியல. வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்கு நாள் முழுக்க அந்த நிமிஷம்தான்.

மதுரைக்காரி:

நான் தமிழ்நாட்டிலிருந்து 2019ல கே.எல். வந்தேன், 6 நாள். "தமிழ் பேசுற ஊர்தானே, யாருக்கும் வித்தியாசம் தெரியாது"ன்னு நினைச்சு, வெளியூர்னு காட்டிக்கவே கூடாதுன்னு வைராக்கியமா இருந்தேன். அதனால யார்கிட்டயும் எதையும் கேட்கல. அங்கதான் எல்லாம் கெட்டுது.

கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துல மோனோரெயில் பிடிக்கணும். பேர்ல கே.எல். சென்ட்ரல்னு இருக்கேன்னு உள்ளேயே தேடுறேன். எல்.ஆர்.டி. ரயில் இருக்கு, கொமியூட்டர் ரயில் இருக்கு, மோனோரெயில் மட்டும் காணோம். தெரிஞ்ச மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு ஒரு கூட்டத்துக்குப் பின்னாடியே போனேன், அது எம்.ஆர்.டி. ரயிலுக்குப் போற நடைபாதை, மியூசியம் நெகாரா நிலையத்துல கொண்டுபோய் விட்டுச்சு. திரும்ப வந்து, முக்கால் மணி நேரம் கழிச்சு, கால் வலி தாங்காம ஒரு காவலாளிகிட்ட கேட்டேன். "நு சென்ட்ரல் பேரங்காடிக்குள்ள நேரா போங்க, அந்தப் பக்கம் இருக்கு"ன்னார். தமிழ்லயே சொன்னார்! அஞ்சு நிமிஷ நடை.

மாமாக் கடையில (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்ததும் பையன் "தண்ணி என்ன?"ன்னு கேட்டார். எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. எங்க ஊர்ல தண்ணின்னா அது வேற. அங்க காப்பி, டீ, ஜூஸ் எல்லாமே தண்ணிதான்னு அப்புறம் அவரே பொறுமையா சொல்லி, ஒரு தே தாரிக் (இழுத்து ஆத்தின டீ) கொண்டுவந்து வச்சார். வாயைத் திறந்த முதல் வார்த்தையிலயே நான் யாருன்னு அவருக்குத் தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சதால நல்லதுதான் நடந்துச்சு.

அக்கா, மறைக்க மறைக்க கேட்க வாய் வராது. அம்மாவோட வர்றீங்க, அந்த நடையெல்லாம் அவங்க கால் தாங்காது.

ராத்திரி டிரைவர்:

நான் முன்னாடி டாக்சி ஓட்டினேன், இப்ப செயலியில கூப்பிடுறவங்களுக்கு ஓட்டுறேன். இங்க எல்லாரும் புடவையா ஜீன்ஸான்னு பேசுறீங்க. ரயில் நிலைய வாசல்ல நின்னு டாக்சிக்கு ஆள் பிடிக்கிறவன் உடுப்பைப் பார்க்க மாட்டான். எத்தனையோ வருஷம் அவனுங்க பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். பெட்டியோட கதவைத் தாண்டி வந்து, நின்னு, இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை தலையைத் திருப்புறவங்கதான் கணக்கு. கோட்டு போட்டவரா இருந்தாலும் சரி. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துல வந்து "எங்கம்மா போறீங்க?"ன்னு பாசமா கேட்பான். வண்டியில ஏறின பிறகு "மீட்டர் ரோசாக்"னு (மீட்டர் கெட்டுப்போச்சுன்னு) சொல்லி வாய்க்கு வந்த விலை சொல்லுவான்.

ரயில்லேர்ந்து இறங்கினதும் வாசலுக்கு ஓடாதீங்க. உள்ளயே ஒரு நாற்காலியில உட்காருங்க. தண்ணி குடிங்க. அங்கயே போனைப் பாருங்க, செயலியில வண்டி கூப்பிடுங்க, விலை முன்னாடியே தெரிஞ்சிடும். வண்டி நம்பர் வந்த பிறகு எழுந்து வெளிய வாங்க. அம்மா என்ன புடவை வேணாலும் கட்டட்டும்.

பங்சார் பையன்:

நான் கே.எல்.லயே பிறந்து வளர்ந்தவன். உங்க தங்கச்சி சொன்னதுக்குப் பின்னால பயம் மட்டும்தான் இருக்கும்னு எனக்குத் தோணல. எனக்கு 17 வயசு இருக்கும்போது பாட்டி தெலுக் இந்தானிலேர்ந்து வந்திருந்தாங்க. ஷாப்பிங் மாலுக்குக் கூட்டிட்டுப் போனேன். பாட்டி கையில பழைய துணிப்பை, அதுல ஒரு போத்தல் தண்ணி, வாழை இலையில கட்டின இட்லி. என் பள்ளிக்கூடத்துப் பசங்க யாராவது பார்த்துடுவாங்களோன்னு பத்தடி முன்னாலயே நடந்தேன். எஸ்கலேட்டர்ல ஏறத் தெரியாம பாட்டி கீழயே நின்னுட்டாங்க. நான் மேல போய்த்தான் திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒரு சீன ஆன்டி பாட்டி கையைப் பிடிச்சு ஏத்திக் கூட்டிட்டு வந்தாங்க.

பாட்டி இப்ப இல்ல. உங்க தங்கச்சிகிட்ட இதைக் காட்டுங்க.

ஆனா ஒண்ணு, கே.எல்.காரங்க முகம் சுளிக்கிற இடமும் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். எஸ்கலேட்டர்ல இடது பக்கம் நிக்கணும், வலது பக்கம் அவசரமா நடக்கிறவங்களுக்கு. எல்.ஆர்.டி. கேட்டுக்கு முன்னால போய் நின்னுட்டுப் பைக்குள்ள கார்டைத் தேடக்கூடாது, முன்னாடியே கையில எடுத்துடணும். ஒற்றைப் பயணத்துக்கு நீல டோக்கன் வாங்கினா, உள்ள போகும்போது தொட்டு வைக்கணும், வெளிய வரும்போது துளையில போடணும். ஊருக்கு ஞாபகமா இருக்கட்டும்னு கைப்பையில பத்திரப்படுத்திட்டா வெளிய வர முடியாது.

ஓய்வாசிரியர்:

பங்சார் தம்பி எழுதியதைப் படித்துச் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. அந்தத் தெருக்களில் கண் தெரியாதவர்கள் கோலோடு நடப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சாலையைக் கடக்கும் இடம் வந்ததும் நின்று, பக்கத்தில் நிற்பவரிடம் கை கேட்பார்கள். கேட்பதில் அவர்களுக்குத் தயக்கம் இல்லை, கொடுப்பவர்களும் யோசிப்பதில்லை. இந்த ஊர் அந்த அளவுக்காவது பழகிய ஊர்தான்.

செந்தூல்காரன்:

கேளுங்க, வேணாம்னு சொல்லல. யார்கிட்ட கேட்கிறோம்னு பார்த்துக் கேளுங்க: கடைக்காரர், காவலாளி, சீருடை போட்ட ரயில் ஊழியர். தானா வந்து உதவுறேன்னு நிக்கிறவன்கிட்ட வேணாம்.

நகை விஷயத்துல நான் மாற மாட்டேன். புடவை வேணா கட்டட்டும். தாலிச் சங்கிலியை வீட்ல வச்சிட்டு மஞ்சள் கயித்துல வரச் சொல்லுங்க. பத்துமலையில இன்னொண்ணு, 272 படியும் குரங்குதான். பிளாஸ்டிக் பை கையில தொங்கினா பிடுங்கிடும். அர்ச்சனைத் தட்டைக்கூட விடாது. துணிப்பையில வச்சு மூடிட்டுப் போங்க. கே.எல். சென்ட்ரல்லேர்ந்து கொமியூட்டர்ல ஏறினா நேரா பத்துமலை அடிவாரத்துலயே விடும். நடுவுல பெண்களுக்கான பெட்டி இருக்கு, அதுல ஏறுங்க.

மதுரைக்காரி:

கே.எல்.சி.சி. முன்னால படம் எடுக்கிறதுக்கும் யாரும் தயங்க வேணாம். 452 மீட்டர் கோபுரம், நின்னுட்டு எடுத்தா பாதிதான் விழும். அதனால அங்க எல்லாருமே தரையில மண்டி போட்டு, சிலர் படுத்தே எடுக்கிறாங்க. எங்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்தது கே.எல்.ல வேலை பார்க்கிற ஒரு மலாய்க்காரப் பொண்ணு. அவங்களும் அன்னைக்கு அவங்க அம்மாவைக் கூட்டிட்டுத்தான் வந்திருந்தாங்க.

பால்மர நிழல்:

எல்லாருக்கும் நன்றி. பங்சார் தம்பி எழுதினதைத் தங்கச்சிக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் வரல. ராத்திரி 11 மணிக்கு "பெரியம்மாகிட்ட போனைக் கொடுங்க"ன்னு கூப்பிட்டா. என்ன பேசினாங்கன்னு அம்மா சொல்லல. காலையில எழுந்து பார்த்தா வாடாமல்லிப் புடவை திரும்ப வெளிய வந்து பெட்டிக்கு மேல இருக்கு. சங்கிலி பத்தி செந்தூல் அண்ணன் சொன்னதையும் சொன்னேன். "அந்தப் பொண்ணு கை இப்ப எப்படி இருக்காம்?"னு முதல்ல அதைத்தான் கேட்டாங்க. அப்புறம் தானாவே கழட்டிக் கொடுத்துட்டாங்க.

ஒரே ஒரு சந்தேகம். ராத்திரி 8 மணிக்கு கே.எல்.சி.சி. பூங்காவுல தண்ணீர் நடனம் பார்த்துட்டுத் திரும்பணும். தங்குறது பிரிக்பீல்ட்ஸ்ல. எந்த ரயில்?

செந்தூல்காரன்:

கை இப்ப பரவாயில்லன்னு அம்மாகிட்ட சொல்லுங்க, கேட்டதைச் சொன்னேன், என் மனைவி சந்தோஷப்பட்டாங்க.

எல்.ஆர்.டி. கிளானா ஜெயா தடம். கே.எல்.சி.சி.ல ஏறினா அஞ்சாவது நிறுத்தம் கே.எல். சென்ட்ரல், மாத்த வேண்டியதில்ல. இறங்கி நு சென்ட்ரல் வழியா அந்தப் பக்கம் வந்தா ஜாலான் துன் சம்பந்தன். 10 மணிக்குக் கடைகள் மூடிடுவாங்க, அதுக்கு முன்னாடி வந்துடுங்க. ரோட்ல இறங்கினதும் அம்மாவை உள்பக்கம் விட்டு நீங்க ரோட்டுப் பக்கம் நடங்க. பை ரெண்டு பேருக்கும் உள்பக்கத் தோள்ல.