ரோடமினுக்குத் துள்ளும் முகடு திரமுக்கு ஏன் படுத்துவிடுகிறது?

கூழ்மக்காரன்:
ஆப்பிள் தோலில் தங்கும் திரம் பூஞ்சைக்கொல்லியை செர்ஸ் முறையில் பிடிக்கப் பார்க்கிறேன் (வெள்ளித் துகளில் ஒட்டிய மூலக்கூறு சிதறடிக்கும் லேசர் ஒளி பலமடங்கு பெருகும், அதன் முகடுகளை வைத்து ஆளை அடையாளம் காண்பது). வெள்ளி நைட்ரேட்டைக் கொதிக்கவைத்து சோடியம் சிட்ரேட் விடும் 1982-ஆம் ஆண்டு லீ–மைசல் கூழ்மம்தான், அதாவது நீரில் மிதக்கும் வெள்ளி நுண்துகள்கள். 532 நானோமீட்டர் லேசரில் சோதனைச் சாயமான ரோடமின் 6ஜி 10⁻⁹ மோலாரிலும் பளிச்சென்று தெரிகிறது. வெறும் தண்ணீரில் திரத்தின் முகடும் 1380 செ.மீ⁻¹-இல் நிற்கிறது. தோல் கழுவிய நீரில் கலந்தால்தான் வம்பு: 1350, 1580 பக்கம் இரண்டு கொழுத்த மேடுகள், 1380 அவற்றுக்குள் புதைந்துவிடுகிறது. காய்ந்த சொட்டின் விளிம்பில் ஒரு அளவு, நடுவில் வேறொன்று. மூன்று வாரமாகத் தோல் ஆய்வகத்துக்கு, பழம் வீட்டுக்கு. வீட்டில் ஆப்பிள் என்றாலே முகம் சுளிக்கிறார்கள்.

பழைய லேசர்:
ரோடமினை நம்பிக் கெட்டவர்களில் நானும் ஒருவன். அது நேர்மின் சாயம். சிட்ரேட் பூசிய துகள் எதிர்மின். கூப்பிடாமலே போய் ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு 532 ஒளியை அதுவே உறிஞ்சுவதால் ஒத்ததிர்வின் பலமும் சேர்கிறது. அந்த 10⁻⁹-இல் உங்கள் கூழ்மத்தின் பங்கு பாதிகூட இருக்காது.

மேடுகள் கரி. தோலிலிருந்து வந்த கரிமப் பொருள் லேசரில் கருகுகிறது. ஒளிப் பெருக்கம் வெள்ளிப் பரப்பிலிருந்து சில நானோமீட்டருக்குள் தீர்ந்துவிடும். அந்த இடத்தைத் தோல்சாறு பிடித்துக்கொண்டால் திரம் வெளியே நிற்கவேண்டியதுதான். லேசர் திறனைக் குறையுங்கள். 785 நானோமீட்டர் லேசர் இருந்தால் மாறுங்கள், ஆனால் தனித்துகள் அதற்கு ஒத்துவராது, துளி உப்பு விட்டுத் திரளவைக்க வேண்டும். சொட்டைக் காயவிடாதீர்கள், காபிக் கறைபோல எல்லாம் விளிம்பில் ஒதுங்கும். குப்பியில் ஈரமாகவே அளவெடுங்கள்.

பகுப்பாய்வு அக்கா:
தம்பி, திரம் தண்ணீரில் சரியாகக் கரையாது. கழுவுவதற்குப் பதில் அசிட்டோநைட்ரைலில் பிரித்தெடுங்கள். அளவுக்கோட்டையும் (எவ்வளவு திரத்துக்கு எவ்வளவு முகடு என்ற வரைகோடு) தூய நீரில் போடாமல், அதே தோல்சாற்றில் தெரிந்த அளவு திரம் சேர்த்துப் போடுங்கள்.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. வெள்ளியில் பட்டதும் திரத்தின் கந்தகம்–கந்தகப் பிணைப்பு அறுந்து, டைமெத்தில்டைதயோகார்பமேட்டாகத்தான் ஒட்டுகிறது. ஜைரம் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லி தருவதும் அதே துண்டுதான். 1380-ஐ மட்டும் வைத்துக்கொண்டு இது திரம் என்று எழுதினால் முதல் மதிப்பீட்டாளரே மடக்கிவிடுவார்.

கூழ்மக்காரன்:
முதல் தடவை உப்பு மிஞ்சிக் கூழ்மம் கறுத்து அடியில் உட்கார்ந்துவிட்டது. இரண்டாவதில் பாதி உப்பு, குறைந்த திறன், ஈரக்குப்பி. மேடுகள் தாழ்ந்து 1380 தலைகாட்டுகிறது. அசிட்டோநைட்ரைல் நாளைக்கு. ஜைரம் வாங்க வழிகாட்டியிடம் காசு கேட்க வேண்டும், அதுதான் இதைவிடக் கடினம்.