உட்சிரா தீவு: 200 சனத்துக்கு ஒரு சபை எப்படி வந்தது?

உப்புவெளியான்

பாடசாலை மலருக்கு மிகச்சிறிய தீவு உள்ளூராட்சி ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் தேவை. நோர்வேயின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கிற உட்சிராவை எடுத்திருக்கிறோம். பரப்பு ஏறத்தாழ 6 சதுர கிலோமீற்றர், சனம் 200 ஐ ஒட்டி. இவ்வளவு சனத்துக்கு மேயரும் சபையும் எப்போது, ஏன் வந்தது? தமிழில் 'மாநகர சபை' என்று எழுதலாமா? சனத்தொகைக்குப் பார்க்கிற இடமெல்லாம் வேறு வேறு எண் வருகிறது, எதைப் போடுவது?

துறையடி

மாநகர சபை என்று எழுதாதேங்கோ சேர். எங்களிடம் இலங்கையில் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று மூன்று படி. அங்கே படியே இல்லை, எல்லாம் 'கொம்யூன'. 7 லட்சம் தாண்டிய ஒஸ்லோவும் ஒரு கொம்யூன, உட்சிராவும் ஒரு கொம்யூன. சட்டம் ஒன்று, பாடசாலை, முதியோர் பராமரிப்பு, ஆரம்ப சுகாதாரம் என்று கடமையும் ஒன்று. 'உள்ளூராட்சி சபை' என்று போட்டால் பிழை வராது. பிள்ளைகளுக்கு ஒப்பிட்டுக் காட்ட நெடுந்தீவுப் பிரதேச சபையைச் சொல்லலாம். 2012 குடிசனமதிப்பில் 4,000 க்குள் சனம், அதற்கும் தனிச் சபை.

வரலாறு: முதலில் உட்சிரா டொர்வஸ்தாட் சபைக்குள் இருந்தது. அந்தச் சபை கடலுக்கு அந்தப் பக்கம், கார்மொய் தீவின் வடக்கில். 1924 யூலை 1 இல் உட்சிரா பிரிந்தது. அப்போது சனம் 400 க்கு மேல், இன்றைக்கு உள்ளதில் இரண்டு மடங்கு. வேடிக்கை என்னவென்றால், தாய்ச்சபையான டொர்வஸ்தாட் இன்றைக்கு இல்லை. 1965 இல் கார்மொய் தீவுப் பக்கத்துச் சபைகள் ஏழையும் ஒன்றாக்கியபோது அது கரைந்துபோனது. உட்சிராவை அதில் சேர்க்கவில்லை. கார்மொய்க்கு 1955 இலேயே பாலம் வந்துவிட்டது. உட்சிராவுக்கு இடையில் கிடப்பது திறந்த கடல், பாலம் போட வழியில்லை. 2009 இல் பாலம் வரும்வரை பாதையில் (மிதவைப் படகில்) ஏறிக் கிண்ணியாவுக்குப் போன எங்கள் திருகோணமலையில் இதை விளக்கத் தேவையில்லை.

1925 தேர்தலை விடாமல் எழுதுங்கோ. 12 பேர் சபையில் 11 பேர் பெண்கள். மருத்துவிச்சியான ஓசா ஹெல்கெசென் 1926 இல் மேயரானார், நோர்வேயின் முதல் பெண் மேயர் அவர்தான். 1928 வரை இருந்தார்.

கணக்கப்பிள்ளை

எண் ஏன் மாறுகிறது என்றால், எங்களைப் போல பத்து வருடத்துக்கு ஒருமுறை வீடுவீடாக எண்ணுவதில்லை அங்கே. குடிப்பதிவேடு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரி 1 க்கும் ஓர் எண், காலாண்டுக்கும் ஓர் எண். ஒரு தளம் ஜனவரியை எடுக்கும், இன்னொன்று ஒக்டோபரை எடுக்கும், மூன்றாவது ஐந்து வருடம் பழசைத் திகதி போடாமல் வைத்திருக்கும். நோர்வே புள்ளிவிபரத் திணைக்களத்தின் அட்டவணையில் 1151 என்ற கொம்யூன இலக்கத்தைப் போட்டு ஜனவரி 1 எண்ணை எடுங்கோ, பக்கத்தில் வருடத்தை எழுதுங்கோ. பெயரால் தேடினால் பழைய ஆவணங்களில் 'உட்சிரே' என்ற எழுத்துத்தான் வரும், அங்கே ஆட்கள் தடுமாறுவார்கள். பிரித்தானியக் கடல் வானிலை அறிவிப்பில் இப்பவும் 'வட உட்சிரே', 'தென் உட்சிரே' என்றுதான் வாசிக்கிறார்கள்.

அந்த எண்ணுக்குள் ஒரு பொறி இருக்கிறது. தீவுப் பாடசாலை இடைநிலையோடு முடியும், உயர்தரத்துக்குப் பிள்ளைகள் பெருநிலத்துக்குப் போகவேண்டும். கலியாணம் கட்டாத மாணவர்கள் பெற்றோர் முகவரியிலேயே பதிவில் இருக்கலாம் என்பது விதி. ஆகவே பதிவேட்டில் இருக்கிற எல்லோரும் மாரியில் தீவில் நித்திரை கொள்கிறவர்கள் அல்ல.

வீதங்களில் கைவைக்க வேண்டாம். 200 பேருக்குள் ஒரு வருடம் ஒரு பிள்ளை பிறந்தால் ஆயிரத்துக்கு 5, அடுத்த வருடம் மூன்று பிறந்தால் ஆயிரத்துக்கு 15. உடனே 'பிறப்பு வீதம் மும்மடங்கு' என்று யாராவது தலைப்புப் போடுவார்கள். ஐந்து பேர் உள்ள ஒரு வீடு வள்ளமேறினால் 2.5 வீதம் போச்சு. திருகோணமலை மாவட்டத்தில் அதே 2.5 வீதம் குறைய, 2012 கணக்கின்படி ஏறத்தாழ 9,500 பேர் வெளியேற வேண்டும். பிறப்பு, இறப்பு, வந்தவர், போனவர் என்று நாலையும் ஆட்களாகவே எழுதுங்கோ. சில அட்டவணைகளில் 1, 2 என்ற எண்களை அந்தரங்கம் காக்க 0 அல்லது 3 ஆக்கி விடுவார்கள், கூட்டுத்தொகை பொருந்தாவிட்டால் உங்கள் கூட்டலைச் சந்தேகிக்காதேங்கோ.

உப்புவெளியான்

நன்றி, 1151 ஐப் பிடித்துவிட்டேன். இவ்வளவு சின்னச் சபைக்குக் காசு எங்கிருந்து? வரி காணாதே.

துறையடி

காணாதுதான். அரசு ஒவ்வொரு சபைக்கும் தலைக்கணக்குப் பார்க்காமல் ஓர் அடிப்படைத் தொகை கொடுக்கிறது, 3,200 பேருக்குக் குறைந்த சபைகளுக்கு அதற்கு மேலும் ஒரு மானியம் உண்டு. வேறு சபையோடு சேர்ந்தால் இழப்பு யாருக்கு என்று இப்போது விளங்கும். 2020 சீர்திருத்தத்தில் 428 கொம்யூன 356 ஆகக் குறைந்தபோதும் உட்சிரா தனியே நின்றது.

படத்துக்கு ஒரு யோசனை: தீவின் வடக்கில் ஒரு துறை, தெற்கில் ஒரு துறை. பெருநிலத்து நகரமான ஹௌகெசுண்டில் இருந்து வரும் கப்பலுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் அளவு பயணம், காற்று எந்தப் பக்கமோ அதற்கு மறுபக்கத் துறையில் கட்டும். வாடைக்காற்றில் திருகோணமலையின் டச்சுக்குடா கொந்தளிக்க உட்துறைமுகம் குளம்போலக் கிடக்கிறதைக் கீறிக் காட்டி, பக்கத்தில் உட்சிராவைக் கீறுங்கோ. அளவுகோல் மட்டும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தீவு பெரிதாகத் தெரியும்.